குதிரை வைத்திருப்பவர்

திண்டுக்கல்
24.6.2024

அன்புத் தங்கை பாஸிலாவுக்கு அண்ணன் யாசின் ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே அத்தா, உன் மதினி, மகள் ரிஃபாத், நான் எல்லாரும் அல்லாஹ்வின் கிருபையால் நன்றாக இருக்கிறோம். உனக்கும் இஷாக் மாப்பிள்ளைக்கும் சுகம்தானே? அவருடைய முட்டி வலி இப்போது எப்படி என்று எழுது.

அத்தாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. உன்னுடன் போனில் பேச ஸ்பீக்கர் போட வேண்டியிருக்கிறது. ஸ்பீக்கர் போட்டால் ஹாலந்தில் நேற்றுச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்பது நம் பேகம்பூர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. நான் சொல்லப்போகிற விஷயம் இப்போதைக்கு ஊருக்குத் தெரிய வேண்டாம். அதனால் நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது எழுதிய மாதிரி எழுத உட்கார்ந்துவிட்டேன். இமெயிலில் போனாலும் கடிதம் கடிதம்தான்.

பைபாஸ் ரோட்டில் நான் கட்டுகிற கல்யாண மண்டபத்துக்கு ‘எம்.பி. மஹால்’ என்று பெயர் வைத்தாயிற்று. எம்.பி. என்றால் மைதீன் பிச்சை, நம் அத்தா பெயர்தான். பிச்சை என்பதை அவ்வளவு பெரிய போர்டில் எழுத உன் மதினிக்கு இஷ்டமில்லை. வெளியூர்க்காரன் பார்லிமெண்ட் மெம்பர் மண்டபம் என்று நினைத்தால் நினைக்கட்டும், வாடகை குறையப் போவதில்லை.

விஷயம் இதுதான். பெருநாளுக்கு நீ உன் மியூசியத்திலிருந்து ஒரு பட அட்டை அனுப்பினாயே, பெரிய மரத்தடியில் வேட்டைக்குப் போகிற கூட்டம் இளைப்பாறுகிற படம், அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. சாப்பாட்டு ஹாலின் கிழக்குச் சுவர் மொட்டையாகக் கிடக்கிறது. ஊரில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரு அருவி, இல்லாவிட்டால் ஓடுகிற வெள்ளைக் குதிரைகள். நம் சுவரில் அந்த வேட்டைக் கூட்டம் நிற்க வேண்டும். பந்தியில் உட்காருகிறவனுக்கு, இவர்கள் நேற்றுப் பணம் பார்த்தவர்கள் இல்லை, பரம்பரை என்று தோன்ற வேண்டும்.

நீ அங்கேயே ஆபீசர். உடுப்புப் போட்டு, வாக்கி டாக்கியோடு நீ நிற்கிற போட்டோவை அத்தா இன்னும் செல்லில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் “எம்மக மியூசியத்துல ஆபீசரு” என்று காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக ஒரு பிரதியும், அதில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்ற விவரமும் அனுப்பு.

துஆவுடன்,
அண்ணன்


ஹார்லெம்
6.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் சுகம். இவருக்கு முட்டி வலி பரவாயில்லை. சைக்கிள் மிதித்தால் குறைகிறது, படி ஏறினால் கூடுகிறது. அத்தாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுங்கள் என்று போன வருஷமே சொன்னேன்.

படத்தின் பெரிய பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று மியூசியமே இணையத்தில் வைத்திருக்கிறது. வரைந்தவர் பெயர் தெரியாது. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியது.

அந்தக் காலத்தில் இங்கே வேட்டையாடும் உரிமை பெரும்பாலும் பிரபுக்களுக்குத்தான். வியாபாரம் செய்து பணக்காரரானவர்கள் நினைத்தபடி வேட்டைக்குப் போய்விட முடியாது. அதனால் அவர்கள் வேட்டைப் படத்தை வாங்கி வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். இந்தப் படத்தை வரையச் சொன்னவர் உப்பு மீன் வியாபாரி. நம் ஊர்க் கணக்கில் கருவாட்டு மண்டிக்காரர்.

படத்தில் இடது பக்கம் இரண்டு பெண்கள், ஒருத்தி கையில் ராஜாளி. கீழே நாய்கள். நடுவில் சிவப்புக் கோட்டும் தொப்பியில் இறகுமாக வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர். வலது பக்கம் மர நிழலில் கறுப்புக் கோட்டுப் போட்டவர் ஒருவர். கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிறவர் ஒருவர். பின்னால் மலை. ஹாலந்தில் மலையே கிடையாது. காசு கொடுத்தவர் ஆசைப்பட்டிருக்கிறார், வரைந்தவர் போட்டுவிட்டார்.

வேலை நன்றாகப் போகிறது. அத்தாவுக்கும் மதினிக்கும் ஸலாம். ரிஃபாத்துக்கு முத்தம்.

பாஸிலா


திண்டுக்கல்
20.8.2024

அன்புத் தங்கைக்கு ஸலாம். இங்கே யாவரும் சுகம். ஆடி மாசம் மழை ஏமாற்றிவிட்டது, வெயில் இன்னும் கொளுத்துகிறது. அங்கே குளிர் ஆரம்பித்திருந்தால் காதைக் கட்டிக்கொண்டு போ.

கருவாட்டுக்காரனே அப்படி ஒரு படம் போட்டிருக்கிறான் என்றால், தோல் வியாபாரி மகன் போட்டால் என்ன? எனக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த கூச்சமும் போய்விட்டது.

படம் வரைய கிளெமென்ட் என்பவரைப் பிடித்திருக்கிறேன். சர்ச்சுகளில் சிறகு வைத்த சம்மனசுகளை வரைகிறவர். குதிரை நன்றாக வருகிறது, ஆனால் மனிதர்கள் எல்லாரும் கொஞ்சம் மேலே பார்த்தபடி இருக்கிறார்கள். பின்னால் இருக்கிற மலையை எடுத்துவிட்டு நம் சிறுமலையைப் போடச் சொன்னேன். கிண்ணத்தில் இருக்கிற சாராயத்தை ரோஸ் மில்க் ஆக்கியாயிற்று. நாயில்தான் தகராறு. உன் மதினி, “சாப்புடுற எடத்துல நாயா? வானத்துல இருந்து வர்ற மலக்குமாரு எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க” என்று ஒற்றைக் காலில் நின்றாள். நாயை ஆடாக மாற்றச் சொல்லிவிட்டேன். கிளெமென்ட் தலையைச் சொறிந்துகொண்டு, “ஆட்டக் கூட்டிக்கிட்டு வேட்டைக்குப் போனவன நான் பாத்ததில்ல சார்” என்றார். நானே பிரியாணிக் கடைக்காரன், என் மண்டபத்தில் ஆடு இருந்தால் என்ன குறைச்சல்?

இன்னொன்று, இது அத்தாவுக்கே தெரியாது. படத்தில் ஒருவருக்கு அத்தாவின் முகத்தை வைக்கப் போகிறேன். ஐம்பது வருஷம் தோல் பதனிடுகிற ஷாப்புக்கும் மண்டிக்குமாக நடந்தவர்கள். மண்டபத்துக்குப் பெயர் அவர்களுடையது, முகமும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

துஆவுடன்,
அண்ணன்


ஹார்லெம்
2.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம்.

இரண்டு நாள் சளி பிடித்திருந்தது, இப்போது சரியாகிவிட்டது. இவர் சுகம்.

ஆட்டை வாசித்துவிட்டு இவர் செத்த நேரம் சிரித்தார். “வேட்டை மாதிரி இல்ல, அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போற மாதிரில்ல இருக்கும்” என்றார்.

அத்தா முகத்தை வைப்பது நல்ல யோசனைதான். யாருக்கு வைக்கப் போகிறீர்கள்? இங்கே வழிகாட்டிகள் அந்தப் படத்துக்கு முன்னால் கூட்டத்தை நிறுத்தி, “இதில் முதலாளி யார், சொல்லுங்கள்” என்று கேட்பார்கள். பத்தில் ஒன்பது பேர் தப்பாகச் சொல்வார்கள். பிறகு வழிகாட்டி உண்மையைச் சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். தினமும் இது நடக்கும். அதனால் வைப்பதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள்.

பாஸிலா


திண்டுக்கல்
15.10.2024

அன்புத் தங்கைக்கு ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். உன் சளி திரும்ப வராமல் மிளகு ரசம் வைத்துக் குடி. அங்கே மிளகு கிடைக்காவிட்டால் அனுப்புகிறேன்.

உன்னைக் கேட்கச் சொல்லியிருந்தாய். இதில் கேட்க என்ன இருக்கிறது? முதலாளி யார் என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. போட்டோ இணைத்திருக்கிறேன், பார். நட்ட நடுவில் சிவப்புக் கோட்டு, தங்கச் சரிகை, தொப்பியில் இறகு, பக்கத்தில் வெள்ளைக் குதிரை. முகம் அத்தா. கிளெமென்ட் அந்த வலது புருவத்து வெட்டுத் தழும்பைக்கூட விடவில்லை. நான் கண் கலங்கிவிட்டேன், பொய் சொல்லவில்லை.

அத்தாவைக் காரில் கூட்டிப்போய்க் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்கள். “கோட்டு பெருசா இருக்குலே” என்றார்கள். அவ்வளவுதான். ஆனால் வெளியே வரும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்கள்.

ரிஃபாத்துக்குக் கல்யாணத்துக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. பழனியில் ஜவுளிக்கடை, தொப்பம்பட்டியில் நிலம். பையன் நல்லவன். அவன் அம்மா அஜீஸுன்னிசாதான் எல்லாம். முதல் தடவை வந்தபோது பேச்சோடு பேச்சாக, “தோல் ஷாப்பு வாடை இப்பெல்லாம் இந்தப் பக்கம் வர்றதில்லைங்களா?” என்று கேட்டார்கள். யாரைக் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? திறப்பு விழாவுக்கு அவர்களைக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறேன். அந்தச் சுவருக்கு நேராகத்தான் அவர்களுக்குப் பந்தி.

பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை திறப்பு. படம் எப்படி என்று எழுது.

துஆவுடன்,
அண்ணன்


ஹார்லெம்
28.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். பதில் எழுத வெகுநாள் ஆகிவிட்டது. இருவரும் சுகம். இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. போனில் அத்தாவின் குரல் தெளிவாக இருந்தது, சந்தோஷம். ரிஃபாத்தின் இடம் நல்லபடியாக அமைய துஆ செய்கிறேன்.

போட்டோ பார்த்தேன். முகம் அத்தாவேதான்.

ஒரு சின்ன மாற்றம். அந்த முகத்தைச் சிவப்புக் கோட்டிலிருந்து எடுத்து, வலது பக்கம் நிழலில் நிற்கிற கறுப்புக் கோட்டுக்காரருக்கு வைத்துவிடுங்கள். திறப்புக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

பாஸிலா


திண்டுக்கல்
2.12.2024

தங்கைக்கு ஸலாம். சுகம், சுகமறிய ஆவல்.

ஒரு மாசத்துக்கு மேல் காத்திருந்து வந்த பதிலைப் படித்தேன். கறுப்புக் கோட்டா? பாஸிலா, அந்த ஆளை நீ சரியாகப் பார்த்தாயா? வக்கீல் குமாஸ்தா மாதிரி ஓரத்தில் நிற்கிறான். கையில் துப்பாக்கி இல்லை, குதிரை இல்லை, ராஜாளி இல்லை, ஒரு கிண்ணம்கூட இல்லை. வேட்டைக்கு வந்தவனா வசூலுக்கு வந்தவனா என்று தெரியவில்லை. அதில் போய் அத்தாவை நிறுத்தவா?

நீதான் எழுதினாய், “வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர்” என்று. உன் எழுத்து இதோ என் செல்லில் இருக்கிறது. நம் ஊரில் லாரி வைத்திருப்பவர் என்றால் லாரி ஓனர். மில் வைத்திருப்பவர் என்றால் மில் ஓனர். குதிரை வைத்திருப்பவர் மட்டும் எப்படி வேறு ஆளாவார்?

அத்தா நடுவில் நிற்பது உனக்குப் பொறுக்கவில்லையா? காரணம் சொல்லாமல் மாற்று என்றால் எப்படி மாற்றுவது?

அண்ணன்


ஹார்லெம்
14.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தப்பு என்னுடையது. வைத்திருப்பவர் என்று எழுதியிருக்கக் கூடாது. குதிரையைப் பிடித்திருப்பவர் என்று எழுதியிருக்க வேண்டும். அந்தச் சிவப்புக் கோட்டுக்காரர் குதிரைக்காரர், அதாவது வேலையாள். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் வேலையாட்களுக்குப் பளபளவென்று உடுப்புத் தைத்துக் கொடுப்பார்கள். அது அவர்களுடைய பெருமையைக் காட்ட இல்லை, எஜமானின் பெருமையைக் காட்ட. எஜமான் கறுப்பில், எளிமையாக, ஓரமாக நிற்பார். கையில் ஒன்றும் இருக்காது. அவர் எதையும் பிடிக்க வேண்டியதில்லை, அதற்குத்தான் ஆட்கள் இருக்கிறார்களே. சும்மா நிற்க முடிகிறவர்தான் முதலாளி. வழிகாட்டிகள் இதைத்தான் கடைசியில் சொல்வார்கள். சிரிப்பும் அப்போதுதான் வரும்.

பாஸிலா


திண்டுக்கல்
3.1.2025

அன்புத் தங்கைக்கு ஸலாம். இங்கே சுகம். அத்தாவுக்குப் பனியில் கொஞ்சம் இருமல், கஷாயத்தில் அடங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கு என் ஸலாம்.

நீ சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் யார் நம்புவார்கள்? கிளெமென்டிடம் சொன்னேன், “சும்மா நிக்கிறவன் மொதலாளியா? அப்ப எங்க தெருவுல பாதிப் பேரு மொதலாளிதான் சார்” என்கிறார். உன் மதினிக்கும் நம்பிக்கை இல்லை. அத்தாவை நடுவிலிருந்து எடுத்து ஓரத்தில் வைத்தால் நான்தான் அத்தாவை ஒதுக்கிவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள்.

ஒன்று செய். உன் மியூசியத்துத் தாளில், இன்னார்தான் முதலாளி என்று நாலு வரி எழுதி, ஆபீசர் என்று உன் கையெழுத்தும் சீலும் போட்டு அனுப்பு. அதைச் சட்டம் போட்டுப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுகிறேன். ஆபீசர் தங்கச்சி எழுதியது என்றால் அஜீஸுன்னிசாவும் படிப்பார்கள். பழனியில் உன்னைப் பற்றி ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன்.

மண்டப வேலை முடிந்த மாதிரிதான். வாசலுக்கு ஆள் போட்டாயிற்று, பெயர் பெருமாள்சாமி, ரெட்டியார்சத்திரத்துக்காரர். நல்ல உயரம், மீசை காதுவரை. மதுரையிலிருந்து ரெடிமேடாக உடுப்பு வரவழைத்தேன். சிவப்புக் கோட்டு, தங்கச் சரிகை, விசிறி வைத்த தலைப்பாகை. அவர் சல்யூட் அடித்தால் நானே ஒரு நிமிஷம் நிமிர்ந்துவிடுகிறேன்.

துஆவுடன்,
அண்ணன்


ஹார்லெம்
29.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். நாங்கள் சுகம். அத்தாவின் இருமல் முழுக்க நின்றுவிட்டதா?

மியூசியத்துத் தாளில் கையெழுத்துப் போட எனக்கு உரிமை இல்லை. நான் அங்கே ஆபீசர் இல்லை, காவலாள். அந்தப் படம் இருக்கிற அறையில் காலையில் நிற்க ஆரம்பித்து, சாயங்காலம் கூட்டம் போனபிறகு விளக்கை அணைத்துவிட்டு வருகிறேன். யாராவது படத்துக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் தள்ளி நிற்கச் சொல்வேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டால் கை காட்டுவேன். நீல உடுப்பு, பித்தளைப் பட்டன், வாக்கி டாக்கி எல்லாம் அதற்காகக் கொடுத்தவை. படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே நின்று காதில் விழுந்தவை.

நான் யாரிடமும் ஆபீசர் என்று சொல்லவில்லை. போட்டோ ஒன்று அனுப்பினேன், ஆபீசர் ஆக்கியது பேகம்பூர். ஆனால் இல்லை என்று மறுக்கவும் இல்லை. அத்தா அந்தப் பெருமையோடு பேசுவது எனக்குப் பிடித்திருந்தது. இங்கே நாள் முழுக்க யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. உடுப்பைப் பார்த்துவிட்டுப் படத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

உங்கள் வாசலில் நிற்கிறவருடைய கோட்டு என்ன நிறம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவை வாசலுக்குப் போய் அவரைப் பாருங்கள். பிறகு உள்ளே வந்து சுவரைப் பாருங்கள். அதற்கு மேல் தாளும் சீலும் தேவைப்படாது.

அந்தச் சிரிப்பு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும், தினமும் கேட்கிறேன். அத்தாவைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாது. அது ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் இன்னும் பத்து வருஷம் ஆபீசராகவே இருந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் முகத்தை மாற்றிவிடுங்கள். மற்றதை அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

பாஸிலா


திண்டுக்கல்
4.2.2025

அன்புத் தங்கைக்கு ஸலாம். உடம்புக்கு எல்லாரும் சுகம்.

உன் கடிதம் வந்து கிடப்பதாகச் செல் காட்டுகிறது. ஒரு வாரமாகப் பந்தலும் பாத்திரமுமாக ஓடியதில் திறக்கவில்லை. இப்போதும் திறக்கவில்லை. மியூசியத்துத் தாளாகத்தான் இருக்கும், இனி அது எதற்கு? நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

திறப்பு விழா நன்றாக நடந்தது. பிரியாணியில் ஒரு குறை யாரும் சொல்லவில்லை. அஜீஸுன்னிசா குடும்பத்தை நானே காரிலிருந்து இறக்கினேன். பெருமாள்சாமி சல்யூட் அடித்தார். அவரை அவர்கள் மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தார்கள். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்கள். அப்புறம் அஜீஸுன்னிசா சத்தமாக, “ஏனுங்க, வாசல்ல நிக்கிறவரும் செவுத்துல நிக்கிறவரும் அண்ணன் தம்பிங்களா?” என்று கேட்டார்கள்.

முதலில் அவர்கள் பந்தி சிரித்தது. பிறகு அடுத்த பந்தி. விஷயம் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சிரித்தார்கள். நம் சொந்தக்காரர்களும்தான்.

அத்தா படத்துக்குக் கீழேதான் நாற்காலியில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் தன் பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்களே, சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்து அவர்களும் சிரித்தார்கள். தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்கள். பாஸிலா, அதை என்னால் பார்க்க முடியவில்லை. சமையல் கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

நேற்று பெருமாள்சாமியிடம் கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போடச் சொன்னேன். “அப்ப நான் யாருன்னு வாரவங்களுக்கு எப்படித் தெரியும் மொதலாளி?” என்று கேட்டார்.

அண்ணன்


திண்டுக்கல்
17.2.2025

பாஸிலாவுக்கு அண்ணன் எழுதுவது. ஸலாம். சுகம்தானே?

உன் கடிதத்தை அன்று ராத்திரியே படித்துவிட்டேன். உடனே எழுதவில்லை, கோபம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் திறக்காமல் விட்டது என் குற்றம் என்றாலும் கோபம் உன் மேல்தான் வந்தது. யாரிடமெல்லாம் ஆபீசர் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன், பழனி வரைக்கும் போகிறது. ஒரு கோட்டைப் பார்த்து ஏமாந்தது போதாது என்று இரண்டு கோட்டைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

அஜீஸுன்னிசா வீட்டில் நிக்காஹ்வுக்குத் தேதி கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். சிரித்ததெல்லாம் அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை போலிருக்கிறது. ரிஃபாத்துக்குச் சம்மதம். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

படத்தில் அத்தா முகத்தைக் கறுப்புக் கோட்டுக்காரருக்கு மாற்ற கிளெமென்டை வரச்சொன்னேன். அத்தா தடுத்துவிட்டார்கள். “என்னைய எதுக்குலே அந்தக் கூட்டத்துல விடுற? நான் என்னைக்கு வேட்டைக்குப் போனேன்?” என்றார்கள். அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பழையபடி வெள்ளைக்காரன் முகமே வந்துவிட்டது.

உன் விஷயத்தைச் சொல்வதுதான் பெரும்பாடாகப் போயிற்று. காதில் கத்தினால்தான் கேட்கும், கத்தினால் தெருவுக்கே கேட்கும். நேற்று அத்தாவைக் காரில் ஏற்றி, கண்ணாடியை மூடிக்கொண்டு, பழனி ரோட்டில் ஓட்டினேன். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் ஓரங்கட்டி, எல்லாவற்றையும் கத்தினேன். “பாஸிலா ஆபீசர் இல்லத்தா! வாச்சுமேன் வேலை! படத்துக்குக் காவலா நிக்கிறா!” மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை என் குரல் உடைந்துவிட்டது.

அத்தா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபமா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒட்டன்சத்திரத்துக்குத் தக்காளி ஏற்றப் போகிற வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. திரும்பலாம் என்று சாவியைத் திருகினேன். அப்போதுதான் என் கையைப் பிடித்துக் கேட்டார்கள்.

“காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிக்கிதா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“உக்கார ஒரு ஸ்டூலாவது போடுவாங்களாப்பா அதுக்கு?”

எனக்குத் தெரியவில்லை, பாஸிலா. நீ அங்கே போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் கேட்டதே இல்லை. அத்தா இன்றைக்குக் காலையிலும் கேட்டார்கள். போடுவார்களா?

யாசின்